அதே பாறை... வேற வண்டி!

"மறுபடியும் அதே பாறைக்கா?" என்றாள் அம்மா.

நியாயமான கேள்வி. அமெரிக்கா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரே மலைக்கு இரண்டாவது தடவை கிளம்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? திருப்பதி என்றாலாவது புண்ணியக் கணக்கில் சேரும். இது யோசெமிட்டி!

அத்தான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "பாறை அதேதான் அத்தை. வண்டிதான் வேற."

விஷயம் இதுதான். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் அக்கா குடும்பம் இருக்கிறது. 2025 மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போயிருந்தேன். அத்தான் ஒரு எஸ்.யு.வி. வாங்க முடிவு செய்திருந்தார். சாதா எஸ்.யு.வி. அல்ல, பிளக்-இன் ஹைபிரிட். கடைக்காரர் தருகிற பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிட்டுட்டு வர்ற மாதிரி. அதுல என்ன தெரியும்?" என்பார். (இதை அக்கா எதிரில் சொல்ல மாட்டார்.)

ஆகவே, ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய டொயோட்டா ராவ்-4 பிரைமில் ஒரு சனி, ஞாயிறு. இரண்டு வாரம் கழித்து, வாடகைக்கு எடுத்த மிட்சுபிஷி அவுட்லாண்டரில் இன்னொரு சனி, ஞாயிறு. இரண்டுக்கும் ஒரே பாதை, ஒரே ஆட்கள், ஒரே புளியோதரை. "அப்பத்தான் கம்பாரிசன் கரெக்டா இருக்கும்" என்றார். இன்ஜினீயர் வீட்டில் பெண் கொடுத்தால் இப்படித்தான்!

எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு எழுதும் பொறுப்பு. என்னிடம் இருப்பது டூ வீலர் லைசென்ஸ் மட்டும் என்பதால் வேறு எதற்கும் பிரயோஜனமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கேஸ் அடுப்பும் கரண்ட் அடுப்பும்

முதலில் பிளக்-இன் ஹைபிரிட் என்றால் என்ன? அம்மாவுக்கு அத்தான் அரை மணி நேரம் விளக்கினார். இன்ஜின், மோட்டார், இன்வர்ட்டர் என்று போனது. அம்மா கடைசியில் ஒரே வரியில் முடித்தாள். "ஒரே மேடையில கேஸ் அடுப்பு, கரண்ட் அடுப்பு ரெண்டும் வச்சிருக்கோம்ல, அதானே மாப்பிள்ளை?"

அதேதான். சாதா ஹைபிரிட்டில் பேட்டரி சின்னது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் அதுவாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நம்மூர் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டெல்லாம் அந்த ஜாதி. பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரிது. வீட்டில் ராத்திரி பிளக்கைச் சொருகிவிட்டால் காலையில் முப்பது, நாற்பது மைல் பெட்ரோல் இல்லாமல் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் கை கொடுக்கும். நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை அத்தான் சொல்லும்போதெல்லாம் அக்கா பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அக்கா ஜன்னல் வழியே எங்கேயோ பார்ப்பாள். முதலில் எனக்குப் புரியவில்லை.

நித்யாதான் (அக்கா பெண், வயது 14, எல்லா ரகசியங்களுக்கும் காப்பாளர், சிப்ஸ் கொடுத்தால் சொல்லிவிடுவாள்) விஷயத்தை உடைத்தாள். 2023-ல் ஒரு சாயங்காலம் ஐ-680 ஃப்ரீவேயில், சுனோல் மேட்டில் ஏறும்போது பழைய கார் நட்ட நடு லேனில் அணைந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் லாரிகள். பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியும் கடைசி நிமிஷத்தில் விலகிப் போகிறது. இருபது நிமிஷம். போலீஸ் வந்து தள்ளிக்கொண்டு போகும்வரை அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாளாம்.

அன்றோடு ஃப்ரீவே ஓட்டுவதை நிறுத்தினவள்தான். மளிகைக்கடை, பள்ளிக்கூடம், பக்கத்துத் தெரு, அவ்வளவுதான்.

"இப்ப பிளசன்டன்ல ஒரு ஹாஸ்பிடல் ஃபார்மசில அம்மாவுக்கு வேலை குடுத்திருக்காங்க மாமா. நல்ல வேலை. ஆனா 680-லதான் போகணும். மே மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அம்மா வேண்டாங்கறா."

வீட்டிலிருந்து 18 மைல். போக வர 36. அத்தான் ஏன் இத்தனை கார்களை விட்டுவிட்டு நாற்பது மைல் பேட்டரிக்காரர்களைப் பிடித்துக்கொண்டு அலைகிறார் என்பது அப்போது விளங்கியது. வாயைத் திறந்து சொல்ல மாட்டார். எக்ஸெல் ஷீட் போடுவார். சில பேர் அன்பு காட்டுகிற விதம் அப்படி!

முதல் பயணம்: ராவ்-4 பிரைம்

அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சத்தமே இல்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. வண்டி அதற்குள் தெரு முனை தாண்டியிருந்தது.

இந்த வண்டிக்கு 18.1 யூனிட் பேட்டரி. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி மின்சாரத்தில் மட்டும் 42 மைல், அதாவது 67 கிலோமீட்டர். இன்ஜினும் மோட்டார்களும் சேர்ந்தால் 302 குதிரைசக்தி. ஃப்ரீவேயில் சேரும் இடத்தில் அத்தான் ஒரு அழுத்து அழுத்தினார். அம்மா மடியிலிருந்த முறுக்கு டப்பா பின்னால் போனது. அறுபது மைல் வேகத்தை ஆறு விநாடிக்குள் தொடும் வண்டியாம். "எதுக்கு? யார் துரத்தறாங்க?" என்றாள் அம்மா.

ஃப்ரீமான்ட்டைத் தாண்டும்போது டெஸ்லா தொழிற்சாலையைக் காட்டினார்கள். இங்கே ஒரு வேடிக்கை. 1984 முதல் 2010 வரை அதே கட்டடத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாகப் பெட்ரோல் கார் செய்துகொண்டிருந்தன. அவர்கள் மூடிவிட்டுப் போன இடத்தை டெஸ்லா வாங்கி கரண்ட் கார் செய்கிறது. கட்டடமே ஹைபிரிட்!

ஆல்டமான்ட் கணவாயில் மொட்டைக் குன்றுகள்மேல் வரிசையாகக் காற்றாலைகள். 1980-களிலிருந்து சுற்றுகின்றன. ஆரல்வாய்மொழி ஞாபகம் வந்தது. நமக்கு அங்கே பச்சை. இங்கே மே மாதத்திலேயே குன்றெல்லாம் காய்ந்து, வறுத்த ரவை நிறம்.

கணவாய் இறங்கி ட்ரேசி என்ற ஊர் வருவதற்குள் பேட்டரி கணக்கு பூஜ்யம் ஆனது. இன்ஜின் எப்போது பிடித்தது என்றே தெரியவில்லை. மெல்லிய ஒரு உறுமல், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பாடம். ஃப்ரீவேயில் வேகமாகப் போகும்போது பேட்டரியைத் தீர்ப்பது புத்திசாலித்தனம் இல்லை. இரண்டு வண்டியிலும் பேட்டரியைச் சேமித்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைக்குப் பெட்ரோல், ஊருக்குள் நின்று நின்று போக மின்சாரம். அப்படி வைத்துக்கொண்டால்தான் இரண்டும் முழுப் பலன் தரும். அத்தானுக்கு இது தெரியும். உற்சாகத்தில் மறந்துவிட்டார்.

மான்டீகா, ஓக்டேல். வழி நெடுக பாதாம் தோப்பு. ஓக்டேல் தன்னை 'உலகின் கௌபாய் தலைநகரம்' என்று அழைத்துக்கொள்கிறது. நாங்கள் பார்த்த அன்று ஒரு குதிரைகூடக் கண்ணில் படவில்லை. பெட்ரோல் பங்க் வந்தது. இங்கே பெட்ரோலுக்கு 'கேஸ்' என்று பெயர். போர்டைப் படித்துவிட்டு அம்மா சிலிண்டரைத் தேடினாள்.

அப்புறம் வந்தது பிரீஸ்ட் கிரேடு.

மொக்கசின் என்ற இடத்திலிருந்து மலை சட்டென்று 1,500 அடிக்கு மேல் எழும்புகிறது. ஏற இரண்டு ரோடுகள், ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் எதிரெதிரே. பழைய ரோடு குட்டை, ஆனால் செங்குத்து. புதிய ரோடு வளைந்து வளைந்து நீளமாக. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தவர்களின் சக்கரத்தில் புகை வந்த கதைகள் இந்த மலைக்கு நிறைய உண்டு. அத்தான் புதிய ரோட்டில்தான் ஏறினார். அதற்கே அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

யோசெமிட்டி பற்றி நான் எழுதி ஆகவேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். எல் கேப்பிட்டன் என்கிற ஒற்றைக் கிரானைட் பாறை பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 3,000 அடி. நம் திருச்சி மலைக்கோட்டை 273 அடி. பதினோரு மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுங்கள்! பக்கத்தில் 2,425 அடி உயரத்திலிருந்து விழுகிற யோசெமிட்டி அருவி. மே மாதம் பனி உருகும் காலம் என்பதால் இடி மாதிரிச் சத்தம். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அம்மா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். "உச்சியில பிள்ளையார் இல்லாம எதுக்குடா இவ்வளவு பெரிய பாறை?"

பி.காம். கணக்கு

முதல் பயணத்தில் போக வர 340 மைல். ராத்திரி குரோவ்லாண்ட் என்ற மலையூரில் தங்கினோம். விடுதிக்காரர் தோட்டத்து விளக்குக்கு வைத்திருந்த பிளக்கில் சொருகிக்கொள்ளச் சொன்னார். சாதாரண பிளக்கே போதும் என்பது இந்த ஜாதி வண்டியின் பெரிய சௌகரியம். என்ன, மெதுவாக ஏறும். ராவ்-4 நிறைய 12 மணி நேரம், அவுட்லாண்டருக்கு 16. "மாட்டைக் கொட்டில்ல கட்டின மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. பெட்ரோல் மொத்தம் ஏழரை கேலன்.

வீடு திரும்பியதும் நான் நோட்டைப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது.

அத்தான் வீட்டு மின்கட்டணம், நள்ளிரவுக்குப் பின் மலிவு நேரத்திலேயே யூனிட்டுக்கு சுமார் 31 சென்ட். ராவ்-4 மின்சாரத்தில் 42 மைல் ஓட ஏறத்தாழ 15 யூனிட். ஆக 4 டாலர் 65 சென்ட். அதே 42 மைலைப் பெட்ரோலில் ஓடினால், கேலனுக்கு 38 மைல் வீதம், கேலன் 5 டாலர் என்று வைத்தால் ஐந்தரை டாலர். மிச்சம்? ஒரு டாலர்கூட இல்லை! அவுட்லாண்டருக்குப் போட்டேன். 38 மைலுக்கு 20 யூனிட், 6 டாலர் 20 சென்ட். பெட்ரோலில் ஓடினால் கேலனுக்கு 26 மைல், ஏறக்குறைய 7 டாலர் 30 சென்ட். மிச்சம் ஒரு டாலர் பத்து சென்ட்.

இதே ராவ்-4-ல் பிளக் இல்லாத சாதா ஹைபிரிட் சுமார் பத்தாயிரம் டாலர் குறைவு. தினம் ஒரு டாலர் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் நாள். 27 வருஷம்! அதற்குள் நித்யா தன் பெண்ணுக்குக் கார் தேடிக்கொண்டிருப்பாள்.

மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை? இரண்டு வண்டியும் ஜப்பானில் தயாரானவை, ஆகவே வாங்குபவருக்குக் கிடையாது. தனி ஆளாகவே கார்பூல் லேனில் போக ஒரு ஸ்டிக்கர் கொடுப்பார்களே? அதன்மேல் அத்தானுக்கு ஒரு கண். ஆனால் அந்த ஸ்டிக்கர், வரிச்சலுகை இரண்டுக்குமே 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மங்களம் பாடிவிட்டார்கள்.

கூரையில் சோலார் இருந்தால் கணக்கு மாறும். இல்லையென்றால் நம்மூருக்கு வந்தால் மாறும். யூனிட் 8 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். அதே 42 மைலுக்கு மின்சாரம் 120 ரூபாய், பெட்ரோல் 420 ரூபாய். முந்நூறு ரூபாய் மிச்சம்! ஆனால் நம்மூரில் பிளக் வைத்த ஹைபிரிட் என்பது பெரும்பாலும் கோடி ரூபாய் சமாச்சாரம். மிச்சம் பிடிக்கத் தெரிந்தவன் கையில் வண்டி இல்லை, வண்டி வைத்திருப்பவனுக்கு மிச்சம் பிடிக்க அவசியம் இல்லை.

நோட்டை அத்தானிடம் நீட்டினேன். படித்தார். மூடினார். "இது வேற கணக்கு தம்பி" என்றார்.

இரண்டாவது பயணம்: அவுட்லாண்டர்

"மறுபடியும் அதே பாறைக்கா?" இங்கேதான் ஆரம்பித்தேன்.

அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் 2013-லேயே ஜப்பானில் வந்துவிட்ட மூத்த அண்ணன். நாங்கள் எடுத்தது புதிய தலைமுறை. 20 யூனிட் பேட்டரி, 38 மைல். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும். இன்ஜின் ஜெனரேட்டர் மாதிரி பின்னணி இசை. வேகம் கூடும்போது மட்டும் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு கை கோக்கும். ஓட்டம் கப்பல் மாதிரி. அம்மா ஓக்டேல் வரை தூங்கினாள். ராவ்-4-ல் தூங்கவில்லை.

மூன்றாவது வரிசையும் உண்டு. பேருக்கு ஏழு சீட். நித்யா பின்னால் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது என் ஸ்கூல் பேகுக்கு மட்டும்தான் மாமா" என்று திரும்பி வந்தாள். வேக சார்ஜிங் வசதி இதில் உண்டு, நாங்கள் ஓட்டிய ராவ்-4-ல் இல்லை. ஆனால் அந்த பிளக் சேடமோ என்கிற பழைய வகை. அமெரிக்காவில் அது அருகி வருகிறது. பெட்ரோல் மைலேஜ் நம் கணக்கில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர், ராவ்-4-க்கு 16. இதற்குப் பதினோரு கேலன் குடித்தது. என் நோட்டின் தீர்ப்பு தெளிவு. ராவ்-4 ஜெயித்தது.

அந்த நேரத்தில்தான் அத்தான் அருவியடியில் சாகசம் செய்தார். பாதை விட்டு இறங்காதே, பாறை வழுக்கும் என்று போர்டு இருந்தது. போட்டோவுக்காக இறங்கினார். வழுக்கியது. வலது கணுக்கால் ஐந்து நிமிஷத்தில் பூசணிக்காய்.

முதலுதவிக்காரர்கள் கட்டுப்போட்டு, "எலும்பு முறியவில்லை போலிருக்கிறது. ஆனால் ஓட்டக் கூடாது" என்றார்கள்.

ஐந்து பேர். ஒருவருக்குக் கால் இல்லை. ஒருவன் டூ வீலர். ஒருத்திக்கு 14 வயது. அம்மாவுக்கு 68. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே குனிந்து செருப்பைக் கழற்றி, நித்யாவின் ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டாள். "சாவி குடுங்க" என்றாள்.

"சாவி வேண்டாம், பட்டன்" என்றார் அத்தான். அவள் முறைத்த முறைப்பில் மேற்கொண்டு அவர் தொழில்நுட்பம் பேசவில்லை.

அன்று சாயங்காலம் குரோவ்லாண்ட் வரை 47 மைலும் மணிக்கு முப்பதில் வந்தாள். பின்னால் வரிசை சேரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டாள். யாரும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "இப்ப எதுல ஓடுது?" என்று கேட்டாள். "பேட்டரி தீர்ந்து அரை மணி ஆச்சு. இன்ஜின்" என்றார் அத்தான். "தீர்ந்தப்ப நிக்கலையே?" "நிக்காது." அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை பிரீஸ்ட் கிரேடு இறக்கம்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு நெம்புகோல்கள் இந்த வண்டியில் உண்டு. இடது காதை இழுக்க இழுக்க மோட்டார் சக்கரத்தைப் பின்னால் பிடித்து இழுக்கும். பி-0-விலிருந்து பி-5 வரை. பி-5-ல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தயங்கித் தயங்கி இறங்கும். பிரேக் சூடாகாது. இறக்கத்தின் வேகமெல்லாம் மின்சாரமாகிப் பேட்டரிக்குள் போகும்.

"இடது பக்கம் இழு. இன்னும். இன்னும்" என்றார் அத்தான், பின்சீட்டிலிருந்து காலை நீட்டிக்கொண்டு.

வளைவுக்கு மேல் வளைவு. இடது கை ஓரம் அதலபாதாளம். அக்காவின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன. மூன்றாவது வளைவில் வலது காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருந்தாள். ஆறாவது வளைவில் காலைக் கொஞ்சம் நகர்த்தினாள். வண்டி அதுவாகவே அடங்கி இறங்கியது. அம்மா கந்தசஷ்டி கவசத்தில் பாதிக்கு வந்திருந்தாள்.

நித்யா முன்சீட்டில் மீட்டரைப் பார்த்து ரன்னிங் கமெண்டரி. "மேல 18 மைல் இருந்திச்சு... 19... 20! மாமா, எழுதிக்கோ, ஏறுது!"

மொக்கசினில் 21. மலை எங்களுக்கு மூன்று மைல் சும்மா கொடுத்திருந்தது. வரவில் எழுதிக்கொண்டேன்.

அக்கா ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் போய் முன் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து மூக்கை நீட்டினாள். "கருகின வாசனையே இல்லடா" என்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்புறம் ஓக்டேல், மான்டீகா, ஆல்டமான்ட் காற்றாலைகள். லாரிகள் இரண்டு பக்கமும் வந்தன. அக்கா வலது லேனிலேயே வந்தாள், ஆனால் வந்தாள். 580 முடிந்து 680 ஆரம்பிக்கும் இடத்தில் பிளசன்டன் போர்டு வந்தது. "இந்த எக்ஸிட்தான்" என்றாள், யாரையும் பார்க்காமல். சுனோல் மேடு வந்தபோது வண்டியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மேடு ஏறியது. இறங்கியது. வீடு வந்தது.

செவ்வாய்க்கிழமை ஹாஸ்பிடலுக்கு ஈமெயில் போனது. ஜூலை முதல் வேலைக்கு வருகிறேன் என்று.

எந்த வண்டி?

நீங்கள் வாங்குவதாக இருந்தால் சொல்கிறேன். மைலேஜ், வேகம் பார்ப்பவருக்கு ராவ்-4. (2025-ல் அதன் பெயரிலிருந்து பிரைமை எடுத்துவிட்டு 'பிளக்-இன் ஹைபிரிட்' என்றே வைத்துவிட்டார்கள். அடுத்த தலைமுறையில் மின் தூரத்தை 50 மைல் அளவுக்கு உயர்த்தியிருக்கிறார்கள்.) சொகுசு, மலை இறக்கம், விலையில் சில ஆயிரம் டாலர் குறைவு என்றால் அவுட்லாண்டர். வெறும் காசுக் கணக்கு என்றால், வீட்டு மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் விட்டுவிட்டு சாதா ஹைபிரிட்.

அக்காவிடம் அத்தான் மூன்று பக்க எக்ஸெல் ஷீட்டை நீட்டினார். என் நோட்டும் கூடவே போனது. இரண்டையும் அவள் தொடவில்லை. "நான் இறக்கிட்டு வந்தேன்ல, அதையே வாங்குங்க" என்றாள்.

வாங்கினார்கள். வாகன பூஜைக்கு லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். சிவனும் விஷ்ணுவும் ஒரே கூரையில், தென்னாட்டுப் பாணியும் வடநாட்டுப் பாணியும் ஒரே கட்டடத்தில். ஹைபிரிட் வண்டிக்குப் பொருத்தமான சந்நிதி! குருக்கள் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கா ஏறி உட்கார்ந்தாள். பழங்கள் நசுங்கிய சத்தம் மட்டும் கேட்டது. வண்டி சத்தம் கேட்கவில்லை.

அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் மாப்பிள்ளை வேற கார் பார்க்க மாட்டாரே? எனக்கு இன்னொரு தடவை அந்தப் பாறையைப் பார்க்கத் தெம்பில்லடா!"